மஹ்ஜூபாவிடம் கேட்ட கேள்வி

சாஃபி துறைமுகத்தில் மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலையில், மஹ்ஜூபா எனக்கு எதிரே நின்று மீன் தலை கிள்ளுவாள். புருஷன் இல்லை, மூன்று பெண்கள். யாரிடமும் கை நீட்டாதவள் என்று எங்கள் தெருவில் அவளுக்கு மரியாதை உண்டு.

நாங்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் ஆலையின் சரக்குக் கொட்டகை தீப்பிடித்தது. போலீஸ் வந்தபோது மஹ்ஜூபா அதன் பின்பக்கம் நின்றிருந்தாள்.

"ஓடினவனப் பாத்தியா?"

"முதுகப் பாத்தேன் ஐயா."

"சங்கத்துக்காரன் புவஸ்ஸாதானே?"

தலையாட்டிவிட்டாள். எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார்கள். புவஸ்ஸாவைச் சிறையில் அடைத்தார்கள்.

வாக்குமூலத்தைப் படித்தாலே போதும் என்றது அரசுத் தரப்பு. புவஸ்ஸாவின் வக்கீல் சனா விடவில்லை. "சொன்னவங்க இங்க வந்து நிக்கட்டும். அவங்களக் கேள்வி கேக்க என் கட்சிக்காரருக்கு உரிமை இருக்கு. காகிதத்துகிட்ட நான் என்னத்தக் கேக்கறது?"

நீதிபதி சம்மன் அனுப்பினார்.

அவள் சாட்சி சொல்ல வந்த அன்று ஆலைப் பெண்கள் எல்லோரும் நீதிமன்றத்தில் இருந்தோம். முகத்தைப் பார்த்தாளா என்று சனா கேட்டார். "ஒரே புகைங்க" என்றாள் மஹ்ஜூபா.

"ஆலை மூடிக் கெடந்துச்சே. கொட்டகைக்குப் பின்னாடி உங்களுக்கு என்ன வேலை?"

மஹ்ஜூபா தன் ஜெல்லாபா அங்கியின் முனையைப் பிசைந்தாள். புவஸ்ஸா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதில் சொல்லும்மா" என்றார் நீதிபதி.

"டின் திருடப் போனேன் ஐயா." குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "கூலி நின்னுபோச்சு, வீட்டுல ஒண்ணுமில்ல. துணிக்குள்ள டின்ன ஒளிச்சு வெச்சிருந்தேன். அவங்க சொன்ன பேருக்குத் தலையாட்டிட்டா என்னச் சோதிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அது யாரு முதுகுன்னு எனக்குத் தெரியாது ஐயா."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். "கை நீட்டாதவளாம்! நீட்டித்தான் எடுத்திருக்கா!" அவள் முகம் காது வரை சிவந்துபோயிற்று.

வேறு சாட்சி கிடையாது. புவஸ்ஸா விடுதலையானான். நீதிபதி மஹ்ஜூபாவைக் கடுமையாகக் கண்டித்து அனுப்பினார். ஆலை அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. தீ வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மஹ்ஜூபா, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் எங்கள் ஊரில் கொண்டுபோகும் சர்க்கரைக் கூம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு புவஸ்ஸா வீட்டுக்குப் புறப்பட்டாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனாள். அவன் மனைவி இஸ்ஸா கதவைத் திறந்தாள்.

"மன்னிச்சுடு இஸ்ஸா. கடைசியில உண்மையச் சொல்லிட்டேனே."

"சொன்னே அக்கா. அந்த வக்கீலம்மா கேட்டாங்க, சொன்னே. கேக்காம விட்டிருந்தா?"

மஹ்ஜூபா கூம்பை நீட்டினாள். இஸ்ஸா சர்க்கரையை வாங்கவுமில்லை, கதவைச் சாத்தவுமில்லை; நின்றாள்.

கூம்பை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினோம். மஹ்ஜூபா முக்காட்டைப் புருவம் வரை இழுத்துக்கொண்டாள். எதிரே வந்தவர்களின் சலாமுக்குக்கூட அவள் நிமிரவில்லை.