அடுத்தவர் தபாலில் நான் வாசித்தவர்கள்

போன மாதம் எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டுக் கூட்டத்தில் பேசிய ஓய்வுபெற்ற தபாலதிபர் பொய் சொன்னார்.

"நான் அதிகம் வாசித்த எழுத்தாளர்கள்" என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று பேரைச் சொன்னார். மூன்று பேரையும் சொந்தக் காசில் சந்தா கட்டி, ஒரு இதழும் தவறாமல் வாங்கி வாசித்ததாகச் சொன்னார். இடையில் ஒரு பகிடியும் விட்டார்.

"அந்த நாளிலை என்ரை தபால் கந்தோரிலை ஒரு தபால்காரன் இருந்தவன். புத்தகக் கள்ளன். அவன்ரை கைக்குத் தப்பி வந்ததைத்தான் நான் வாசிச்சனான்."

சனம் சிரித்தது. கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன மூன்று எழுத்தாளர்களும் நான் அதிகம் வாசித்தவர்கள்தான். அவரும் நானும் ஒரே வழியில்தான் அவர்களைக் கண்டுபிடித்தோம். அடுத்தவர் தபாலைத் திறந்து வாசித்தோம். அந்த எழுத்தாளர்களின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னம், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் எனக்கு உதவியாள் வேலை கிடைத்தது. எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர அச்சடித்த தாள் கிடையாது. காலையில் பருத்தித்துறையிலிருந்து பை வரும். கூட்டத்தில் பேசிய அதே தபாலதிபர்தான் பையின் அரக்கு முத்திரையை உடைப்பார். நான் தரம் பிரிப்பேன். தபால்காரர் எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுப் பக்கமாக மணலில் நடப்பார்.

சென்னையிலிருந்து வரும் சஞ்சிகைகளுக்கு மூடிய உறை கிடையாது. நடுவில் ஒரு தாளைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். பெருவிரலால் மெல்லத் தள்ளினால் புத்தகம் வழுக்கி வெளியே வந்துவிடும். சுற்றுத் தாள் கிழியாது. வாசித்து முடித்துத் திரும்பவும் நுழைத்துவிட்டால் கடவுளுக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

துப்பறியும் கதைக்காரரைச் சந்திக் கடைக்காரரின் தபாலில் கண்டுபிடித்தேன். நாட்டையும் சனத்தையும் ஏசி ஏசிக் கட்டுரை எழுதுகிறவரை மலாயாவில் வேலை செய்து பென்ஷனோடு திரும்பிய ஒருவரின் தபாலில் கண்டுபிடித்தேன். அந்தச் சஞ்சிகை பக்கங்களின் மடிப்பு வெட்டாமல் வரும். வெட்டினால் பிடிபட்டுவிடுவேன். ஆகவே தாளைக் குழல் மாதிரி வளைத்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்து வாசிப்பேன். வரிகளின் ஓரம் தெரியாது. அந்தக் கட்டுரைக்காரரின் பாதி வசனங்களை நானே முடித்துக்கொண்டேன். பிறகு புத்தகமாக வாங்கிப் பார்த்தபோது பல இடங்களில் அவர் வேறு சொல்லியிருந்தார்.

மூன்றாமவர் தொடர்கதை எழுதியவர். அவரைப் பெண்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவரின் தபாலில் கண்டுபிடித்தேன். ஒரு மருமகளின் கதை. வாராவாரம் வரும். அதை வாசிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. நான் வாசித்து முடிய, தபாலதிபர் தன் மனைவிக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோவார். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவருவார். நான் சுற்றுக்குள் நுழைப்பேன். இது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. ஒரு நாளும் இதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ரீச்சர் ஒருநாள் கந்தோருக்கே வந்தார்.

"தம்பி, யாழ்ப்பாணத்திலை என்ரை சிநேகிதிக்கு இந்தப் புத்தகம் வியாழக்கிழமை வருது. எனக்குச் சனிக்கிழமை வருது. தலைமன்னார்க் கப்பலிலை என்ரை புத்தகத்தை மட்டும் ஏத்தாமல் நீந்தி வரச் சொன்னவையோ?"

"ரெயில் சுணக்கம் ரீச்சர்" என்றேன். தபாலதிபர் தலையை நிமிர்த்தவில்லை.

கதை முடிகிற இதழ் வந்தது. பின் அறையில் பார்சல்களுக்கு நடுவில் குந்தியிருந்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்ப முன்னமே தபாலதிபர் வந்து நின்றார்.

"முடிச்சிட்டியோ? கெதியா முடி. மனுசி நாலு நாளாய் என்னை அரிச்சுத் தின்னுறா."

வாசித்து முடித்துக் கொடுத்தேன். கொண்டுபோனார். அந்தமுறை திருப்பிக் கொண்டுவரவில்லை. நான் கேட்டேன்.

"அவ வாசிச்சிட்டுத் தமக்கைக்குக் குடுத்திட்டா. அங்கையிருந்து ஆரோ வாங்கிக்கொண்டு போட்டினமாம். இனி எங்கை தேடுறது? நீ அந்தச் சுத்துத் தாளை அடுப்பிலை போடு."

போட்டேன். ரீச்சரின் பெயரும் விலாசமும் எரிந்தன. யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

புத்தகம் வரவில்லையென்று ரீச்சர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். தபாலதிபர் கூசாமல் சொன்னார்: "என்ரை கையாலை எண்ணிக் குடுத்தனான், சேர். பிறகு அதுக்கு என்ன நடந்ததெண்டு தபால்காரனைத்தான் கேக்கவேணும்."

தபால்காரர் நாற்பது வயது தாண்டியவர். பையைக் கழற்றாமலே நின்றார்.

"ஐயா, எனக்கு விலாசம் வாசிக்கத் தெரியும். அதுக்கு மேலை ஒரு வரி வாசிச்சு நான் பழக்கமில்லை. உந்தப் புத்தகத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"வாசிக்கவோ எடுத்தனி? கடைக்குச் சாமான் சுத்த வித்திருப்பாய்" என்றார் தபாலதிபர். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அதிகாரி என்னைக் கேட்டார்: "நீர் ஏதும் கண்டனீரோ?"

"இல்லை, சேர்."

அவ்வளவுதான் சொன்னேன். பயத்தில் சொன்னேன் என்று எழுதலாம். அது சரியல்ல. எனக்கு வேலை வேண்டும். அந்த வேலையில் வரும் புத்தகங்களும் வேண்டும். இரண்டையும் நினைத்துத்தான் சொன்னேன். அடுத்த கிழமை தபால்காரரின் பையை வாங்கிவிட்டார்கள். ரீச்சர் திரும்பவும் வந்து, "எனக்குப் புத்தகம் வேண்டாம், அந்த மனுசனை வேலையிலை விடுங்கோ" என்று சத்தம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சஞ்சிகையை நிற்பாட்டிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நெல்லியடிச் சந்தையில் தபால்காரரைக் கண்டேன். வெங்காய மூட்டை சுமந்துகொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பினேன். அவர் விடவில்லை.

"தம்பி, இப்பவும் வாசிக்கிறியளோ?"

"ஓம், அண்ணை."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே குந்தினார். "அந்தக் காணாமல் போன புத்தகத்திலை என்னதான் கிடந்தது? என்ரை வேலை என்னத்துக்குப் போனதெண்டு எனக்கும் தெரியவேணுமெல்லே. வாசிக்கிற ஆக்கள் நீங்கள்தான் சொல்லவேணும்."

அவருக்கு இதையாவது செய்வோம் என்று மடத்தனமாக நினைத்தேன். நின்றபடியே கதை முழுவதையும் சொன்னேன். மருமகள் வீட்டை விட்டுப் போகிறாள், ரெயில் வந்துவிடுகிறது, மாமியார் செருப்பில்லாமல் ஓடி வந்து கூப்பிடுகிறாள். மருமகள் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிப் போகிறாள். சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

"ஏறிப் போட்டாளோ?"

"ஓம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான், அண்ணை."

"இதுக்கோ என்ரை பையை வாங்கினவை?" தோளில் ஒட்டிய வெங்காயச் சருகைத் தட்டினார். பிறகு கேட்டார்: "முடிவு கிடந்த புத்தகம்தானே தம்பி காணாமல் போனது? முடிவு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வேறை ஆரோ சொன்னவை."

அந்த இடத்திலும் பொய் சொன்னேன். விசாரணை இல்லை, அதிகாரி இல்லை, வேலை போகாது. அப்படியும் சொன்னேன்.

"ஓமோம், ஆரோ சொல்லியிருப்பினம்" என்றார். என்னை ஏசவில்லை. "ஒரு கை குடுங்கோ" என்றார். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான் வாசிப்பதை விடவில்லை. அந்தத் தொடர்கதைக்காரரின் புத்தகங்கள் எல்லாவற்றையும் சம்பளக் காசில் வாங்கினேன். இப்போதும் நான் திரும்பத் திரும்ப எடுப்பது அவரைத்தான். அவர் எழுத்து என்னைத் திருத்தியது என்று யாருக்காவது சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மருமகளுக்காகக் கண்ணீர் விட்டவன்தான், கூட வேலை செய்த மனிதரைக் கள்ளன் என்று சொல்ல விட்டுவிட்டுப் பேசாமல் நின்றான்.

தபால்காரர் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். கூட்டத்தில் நடந்த பகிடியை அவருக்கு யாரோ கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள், "புத்தகக் கள்ளன் எண்டு மேடையிலை பேர் விழுந்த ஆளின்ரை வீடோ?" என்று வாசல் படலையில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட பிறகும் நான் சும்மா இருந்தால் மனிதனே அல்ல.

தபாலதிபர் ஐயா, நீங்கள் ஒரு சஞ்சிகைக்கும் சந்தா கட்டவில்லை. அந்தப் புத்தகத்தை நான் எடுத்தேன், நீங்கள் கொண்டுபோனீர்கள், சுற்றுத் தாளை நான் எரித்தேன். இதில் பெயர் போடாவிட்டாலும், என் பெயரை வாசிகசாலைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். யார் கேட்டாலும் அவர் சொல்லலாம். வருகிற கூட்டத்துக்குத் தபால்காரரையும் அவர் மகளையும் நான் போய் அழைத்து வருவேன். அவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். நீங்கள் மேடையில் ஏறி, ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கடைசி வாங்குவரை கேட்கிறமாதிரிச் சொல்லவேண்டும்: அந்தப் புத்தகம் யாருடைய வீட்டுக்குப் போனது?