மூங்கில் கழியில் ஒரு சட்டை

நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் தனியாக வாழும் பெண் பக்கத்துக்குப் பக்கம் ஜன்னலோரம் நின்று அழுகிறாள். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் நின்றபோது புத்தகத்தை மூடினேன்.

சிறு வயதில், தஞ்சோங் பகார் அடுக்குமாடியில் அடுத்த வீட்டுக் கமலா ஆன்ட்டியும் தனிதான். சனிக்கிழமைதோறும் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தன் சேலைகளோடு ஓர் ஆண் சட்டையையும் காயப்போடுவார். ஒருநாள் அது கீழே விழ, எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். கழுத்துப்பட்டியில் கடையில் குத்திய குண்டூசி எடுக்கப்படாமலே துருவேறியிருந்தது. யாரும் அணியாத சட்டை.

"யாரு சட்டை ஆன்ட்டி?"

"யாருதும் இல்லடா. ஆம்பள இருக்காருன்னு நெனச்சா எவனும் கதவத் தட்ட மாட்டான்லா. வெளிய சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் ஆன்ட்டி."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. நாவலை எழுதியவருக்கு இது தெரிந்திருக்காது. நான்தான் யாரிடமும் சொன்னதில்லையே.