அப்பாவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

எங்கள் வேனைச் செய்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது என்று சித்தப்பா வந்து சொன்னபோது, அதை எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகவே நான் எடுத்துக்கொண்டேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி நிறுத்தலாம்? அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறுகளின் கடைசி. தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் வீடு. எட்டுப் பேர் உட்காரும் அந்த வேனில் பதிமூன்று பேர் நெருக்கியடித்துப் பரமக்குடிக் கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறோம். கியர்பாக்ஸ் போன பிறகு, மெக்கானிக் பழைய சாமான் கடைகளிலெல்லாம் தேடிவிட்டுக் கையை விரித்தார். வண்டி அசையவில்லை.

அந்த வேனில் கதவோரத்து இருக்கை அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாசல் அறையில் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். தெருவில் பாதிப் பேருடைய அளவு அவளுக்கு மனப்பாடம். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. அத்தையின் நடை அப்படி, அவ்வளவுதான். யாராவது "பாத்து, பாத்து" என்று கையை நீட்டினால் மட்டும் அவள் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அதனால் வீட்டில் ஒருவரும் அந்தக் காலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வேன் நின்ற ஐந்து மாதமாக அத்தை எங்கும் வரவில்லை. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. எல்லாவற்றுக்கும் "தைக்கிற வேலை கெடக்கு" என்றாள். நானும் நம்பினேன்.

பழைய வேன் ஒன்றை வாங்குவதென்று முடிவானதும், பார்க்கப் போகிறவர்களில் நானும் இருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வேன் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருந்து கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். "இவளுக்கு வேன் காது" என்று சித்தப்பாவே சொல்வார். அப்படிப்பட்ட நிபுணரை விட்டுவிட்டா வண்டி வாங்குவார்கள்?

முதலில் ஒத்தக்கடையில் ஒரு வீட்டுக்குப் போனோம். அப்பா, சித்தப்பா, அத்தை, நான். வரமாட்டேன் என்ற அத்தையை அப்பாதான், "நீயும் உக்காந்து பாத்தாத்தானே ஆச்சுக்கா" என்று ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

வேன் வெள்ளை வெளேரென்று நின்றது. ஜன்னலுக்கு நீலத் திரை. உள்ளே டேப் ரெக்கார்டர். டிரைவர் தலைக்கு மேலே குட்டி ஃபேன். நான் தவ்வி ஏறி, மூன்று வரிசையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதுதான் எங்கள் வண்டி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சித்தப்பா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். அவர் முகத்திலும் அதே தீர்ப்பு.

"அக்கா, ஏறிப் பாரு" என்றார்.

அத்தை கதவருகே வந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். படியைப் பார்த்தாள். என் தொடை உயரத்தில் இருந்தது அது.

"உள்ள டீசல் நாத்தம் அடிக்குது" என்று கையை எடுத்துவிட்டாள். பிறகு சட்டென்று, "எனக்கென்ன, எல்லாருக்கும் பிடிச்சா வாங்குங்க. நான் எங்க போகப் போறேன்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு நேராக முன்பக்கம் போய், ஓடிக்கொண்டிருந்த என்ஜினிடம் காதைக் கொடுத்து நின்றார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூடச் சொல்லத் தெரியாத மனிதர் அவர். நிமிர்ந்து எங்கள் பாஷையில் சித்தப்பாவிடம், "சத்தம் சரியில்லை, வேண்டாம்" என்றார். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வெளியாருக்குப் புரியக் கூடாதென்றால் எங்களுக்கு அது வசதி.

சித்தப்பாவும் எங்கள் பாஷையிலேயே, "என்ன சத்தம்? தேன் மாதிரி ஓடுது" என்று சண்டைக்கு வந்தார்.

"எனக்குக் கேக்குது."

நிபுணரான என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல தமிழிலேயே, "ஒரு சத்தமும் இல்லப்பா. வண்டி சூப்பரா இருக்கு" என்று கத்தினேன்.

வண்டிக்காரர் சிரித்தார். "பாருங்கண்ணே, பிள்ளைக்கே தெரியுது. வேணும்னா மெக்கானிக்க கூட்டிட்டு வந்து பாருங்க."

அப்பா என்னைத் திட்டவில்லை. வண்டிக்காரரைக் கும்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

வண்டிக்காரருக்குத் தெரியாமல் பேச எங்களுக்கு ஒரு பாஷை இருந்தது. அத்தைக்குத் தெரியாமல் பேச அப்பாவிடம் ஒரு பாஷையும் இல்லை. அவர் பாவம், என்ஜின் மேல் பழியைப் போட்டார். இதெல்லாம் இப்போது புரிந்து எழுதுகிறேன். அன்றைக்கு வீடு வரும் வரை அவரோடு நான் பேசவே இல்லை.

அடுத்த வாரம் அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே நின்றது, இருமல் மருந்து பாட்டில் நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கிய ஒரு வேன். நர்சரிப் பள்ளிக்கு ஓடிய வண்டியாம். சீட்டு முழுக்கப் பேனாக் கிறுக்கல். டேப் இல்லை, ஃபேன் இல்லை, திரையும் இல்லை. குழந்தைகள் ஏறுவதற்காகக் கதவுக்குக் கீழே ஒரு படியைத் தனியாக வைத்து வெல்டு செய்திருந்தார்கள்.

யாரும் சொல்வதற்கு முன்பே அத்தை போய் ஏறினாள். ஏறி உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து எங்களைப் பார்த்தாள்.

மெக்கானிக் சாவியைத் திருகினார். ஒர்க்‌ஷாப் தகரமே அதிர்ந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று.

சித்தப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "அண்ணே! இதுல சத்தம் கேக்கலையா உனக்கு?"

"கேக்குது. இது நல்ல சத்தம்டா" என்றார் அப்பா.

சித்தப்பா வாயைத் திறந்தார். ஜன்னலுக்குள் அத்தையைப் பார்த்தார். பிறகு கீழே அந்தப் படியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, டயரை உதைத்துப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் மட்டும் அப்பாவின் பதிலைக் கேட்டு அசந்து போனேன். சத்தத்தில் நல்லது கெட்டது பிரிக்கிற அளவுக்கு அவருக்கு ஞானம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே! மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னச் சின்ன வேலைகள் முடிந்து, மறு ஞாயிற்றுக்கிழமை வண்டி எங்கள் கைக்கு வந்தது. அம்மாவும் சேர்ந்துகொள்ள, அப்பா ஓட்ட, அவனியாபுரத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். கால் மணி நேரத்துப் பாதை. வில்லாபுரம் வந்ததும் அத்தை, "நிறுத்து, பூ வாங்கணும்" என்றாள். அம்மா, "நான் வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தாள். அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா உட்கார்ந்துவிட்டாள். அத்தை இறங்கிப் போய், பேரம் பேசி, பூவோடு வந்து ஏறினாள். இரண்டு தெரு தாண்டியதும் நூல்கண்டு வாங்க மறந்துவிட்டாளாம். மறுபடியும் இறங்கினாள். தெற்குவாசல் பக்கம் வந்ததும் ஜாக்கெட் கொக்கி தீர்ந்துபோனது ஞாபகம் வந்தது.

நான் பொறுமை இழந்தேன். வண்டியைத் தெருப் பிள்ளைகளிடம் காட்டும் அவசரம் எனக்கு. "எல்லாத்தையும் ஒரே எடத்துல வாங்கினா என்ன? அத்தைக்கு மறதி ரொம்ப ஜாஸ்தியாயிருச்சு" என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

சித்தப்பாதான் முன்னாலிருந்து, "எம்புட்டு நேரம் ஆனாலும் ஆகட்டும், கம்முனு இரு" என்றார்.

அப்பா என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடை வாசலில் அத்தை நிதானமாகக் கொக்கிகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு தொடையில் கையை ஊன்றி ஊன்றி வந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"ஊசி வாங்கிட்டியாக்கா?" என்று கேட்டார் அப்பா.

"அட, மறந்துட்டேனே" என்று அத்தை மறுபடியும் கதவைத் திறந்தாள்.

அவள் இறங்கும்போதே இதைக் கேட்காத அப்பாவையும் சேர்த்து, இரண்டு பேருக்கும் மறதிதான் என்று நான் முடிவுகட்டினேன்.