முதுகில் கோடில்லாத குருவி

2008இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் ஒரு புகைப்படம் அனுப்புவார். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாமா பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். ஞாயிறு காலை அங்கே போய்ப் படத்தைத் திறப்பேன். அப்பாவுக்குப் பின்னால் பறவை ஏதும் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இருந்தால் பெயரைக் கண்டுபிடித்து அவருக்கு எழுதுவேன். எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள வேறு விஷயம் இருக்கவில்லை.

அந்த மழைக்காலத்துப் படத்தில் அப்பா ஒரு கம்பிவேலி அருகே நின்றார். வேலிமேல் நீண்ட வாலுடன் பழுப்புநிறக் கதிர்க்குருவி. படத்தைப் பெரிதாக்கினேன்.

"ஒங்கப்பாவ பாக்கச் சொன்னா குருவிய பாத்துகினு கெடக்குற. அவரு மூஞ்சியவுட அது நல்லாருக்கோ?" என்று மாமா சிரித்தார்.

கதிர்க்குருவிகளைப் படத்தில் பிரித்தறிவது கடினம். அரபு நாட்டு இனத்துக்கு முதுகில் கருங்கோடுகள் உண்டு. நம் வயல்களில் இருப்பதற்குக் கிடையாது. படத்தில் இருந்த குருவிக்கும் இல்லை. பறவைகள் வாழும் இடங்களைக் காட்டும் வரைபடத்தை இணையத்தில் பார்த்தேன். கோடில்லாத இனம் வாழும் இடத்துக்குத் தீட்டிய நிறம் பாகிஸ்தானோடு நின்றுவிட்டது. கடலுக்கு அப்பால் ஒரு புள்ளிகூட இல்லை.

"மாமா, இது அங்க இருக்கவே கூடாத குருவி."

மாமா சிரிப்பை நிறுத்தினார். நான் கேட்காமலே படத்தைப் பிரிண்ட் எடுத்து, மாலையில் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது நம்ம ஊரு பக்கம் இருக்கறதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா. முதுகுல கோடு இல்ல பாரு."

"பறந்து அங்க போயிருக்காதா?"

"போவாது. இது ஊரவுட்டு ஊரு போற குருவியே இல்ல."

அம்மா வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவியின் முதுகைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் பறவைகளைப் பற்றி அவள் கேட்டது அதுவே முதல்முறை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறு ஞாயிறு அப்பாவுக்கு எழுதினேன்: "இந்தக் குருவி அங்கே இருக்கவே முடியாது. கப்பலில் ஏறி வந்திருக்குமோ? இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்." அந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

அடுத்த படம் வர மூன்று மாதம் ஆயிற்று. அப்பா ஒரு வெள்ளைச் சுவரை ஒட்டி நின்றார். செடி இல்லை, வேலி இல்லை, வானம்கூட இல்லை. குறிப்பேட்டில் தேதியிட்டு, "பறவை இல்லை" என்று எழுதினேன். கொஞ்சம் வெளியே வந்து நின்றிருக்கலாமே என்று அப்பாமேல் கோபமாக வந்தது.