கந்தப்பு அனுப்பிய பஸ் டிக்கெட்

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய நாரிஸ் ரோட்டில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்த கந்தப்பு, யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கப் பதிவகத்தில் குமாஸ்தா. வயது ஐம்பத்திரண்டு. வாய்ச்சொல்லைப் பாதி நம்புவார், காகிதத்தை முழுசாக நம்புவார். எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற மனிதரிடமே, பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்.

1958ஆம் ஆண்டு குமாஸ்தாக்களின் விளையாட்டுச் சங்கம் ஒன்று நடைப்போட்டி வைத்தது. பிடோக் கடற்கரையில் தொடங்கி சுவா சூ காங் கிராமம் வரை, கிட்டத்தட்ட இருபது மைல். பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருகிற அத்தனை பேரின் பெயரும் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஏறும். கிரிக்கெட், டென்னிஸ், கேரம் என்று எத்தனையோ பட்டியல்கள் ஏறிய பலகை அது. இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் கந்தப்புவின் பெயர் ஒன்றிலும் ஏறியதில்லை. இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு. அதற்குள் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்தோ வந்து பிடித்துக்கொண்டது. பெயர் கொடுத்தார். ஆபீசே சிரித்தது.

"இஞ்சாருங்கோ, அங்கை போறதுக்குத்தானே பஸ் விட்டிருக்கிறான்?" என்றாள் மனைவி கமலாம்பிகை.

கேலாங் வரை மிடுக்காகத்தான் நடந்தார். புக்கித் தீமா ரோடு ஆளைச் சாய்த்துவிட்டது. ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததை, தாண்டிப் போன ஒருவர் பார்த்தார். முடிவிடத்தில் போய், கந்தப்பு கதை முடிந்தது என்று சொல்லிவிட்டார். மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்தால் சங்கத்துப் பெரிய மனிதர்கள் கரைந்துவிடுவார்களோ என்னவோ, இரண்டு மணிக்கே மேசையை மடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கந்தப்பு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. சாலையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. மீதிப் பாதியைப் பார்த்துக் கடந்தார். கைதட்ட ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்திருக்கலாம். ஆனால் மனிதர் பேச்சு மாறும், காகிதம் மாறாது என்பது அவர் கட்சி.

காகிதம் பஸ்ஸில் கிடைத்தது. கீரைக் கூடைகளுக்கு நடுவே ஓர் இடம் பிடித்துச் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. கண்டக்டர் வந்து டிக்கெட்டில் துளை போட்டுக் கொடுத்தான். ஒரு முனையில் சுவா சூ காங், மறுமுனையில் அவர் இறங்க வேண்டிய குவீன் ஸ்திரீட். கந்தப்புவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. டிக்கெட்டைக் கைக்குட்டையில் சுற்றி, ஈரம் படாத உள்பையில் வைத்துக்கொண்டார்.

இறங்கும்போது கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போக மறுத்தது. வேறு வழியில்லாமல் அதைக் கையில் தூக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடந்தார். பத்திரிகைக் கடை காதர் மைதீன் பதறிவிட்டார்.

"என்ன சார், எங்கேருந்து இப்படி நடந்து வர்றீங்க?"

"பிடோக்கிலையிருந்து."

"ஏன் சார், பஸ் ஸ்டிரைக்கா?"

வீட்டில் கமலாம்பிகை வெந்நீரில் உப்புப் போட்டு அவர் காலைக் கழுவினாள். கழுவி முடிக்கும் வரை சங்கத்தைத் திட்டினாள். "விடும் விடும், ஆதாரம் கைவசம் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

மறுநாளே ஆங்கிலத்தில் மூன்று பத்தி எழுதி, டிக்கெட்டைக் குண்டூசியால் குத்தி, இணைப்பு ஒன்று என்று குறித்துச் சங்கத்துக்கு அனுப்பினார். கமிட்டியில் அதைப் படித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செயலாளர் ஜேசுதாசன் மட்டும் சிரிக்கவில்லை. கந்தப்புவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. போறதுக்கும் வாறதுக்கும் ஒரே டிக்கெட்தானே? நீங்கள் பஸ்ஸிலை அங்கை போனீங்கள் எண்டு ஆரும் சொன்னால் நான் என்ன பதில் சொல்லுறது? போட்டி நாளிலை பஸ் ஏறினதை நீங்களே எழுதித் தந்திருக்கிறியள்."

கந்தப்பு டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஜேசுதாசன் சொன்னது சரி. ஊரார் காகிதத்தில் எத்தனையோ ஓட்டை கண்டுபிடித்தவருக்கு, தன் காகிதத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது.

"உம்மடை இடத்திலை நானும் இதைத்தான் சொல்லியிருப்பன், தம்பி" என்றார். சொன்ன பிறகு இருபது மைலையும் யாரோ அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

நடந்து முடித்தவர்களின் பட்டியல் ஜேசுதாசன் கையில் இருந்தது. பிசகில்லாமல் தட்டச்சு அடிக்கிறவர் என்று சங்கத்துப் பட்டியல்கள் எல்லாம் கந்தப்புவிடம்தான் வரும். "இதை வேறை ஆரிட்டையும் குடுக்கட்டோ, அண்ணை?" என்று அவர் தயங்கினார்.

"தாரும்" என்று வாங்கிக்கொண்டார் கந்தப்பு.

மொத்தம் இருபத்து மூன்று பெயர்கள். கடைசிப் பெயரை அடித்து வரி தள்ளியதும், விரல்கள் தாமாகவே 24 என்று அடித்து ஒரு புள்ளியும் வைத்துவிட்டன. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு பெயரைச் சேர்த்தால் கேட்க ஆளில்லை. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாளை உருவி மடித்து வைத்துவிட்டு, புதுத் தாளைச் செருகி, அந்த இருபத்து மூன்று பெயர்களையும் முதலிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினார்.