கையா, தாடையா

எங்கள் இறைச்சிக்கூடத்தில் எலும்பு வெட்டுகிறவளுக்கு "இடி" என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவன் ஒரு அறை வாங்கியிருப்பான், அது மட்டும் நிச்சயம். நான் அவளுக்குப் பக்கத்தில் தராசில் நிற்கிறவள். அவள் கத்தியை இறக்கினால் மாட்டுத் தொடை எலும்பு ஒரே போடில் இரண்டாகும். வாய் அதைவிட மோசம். முதலாளிக்கு அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார், பயந்தாங்கொள்ளி.

ஒருநாள் சுமை தூக்குகிற ஒருவன், கழுவும் தொட்டியருகே வேலை செய்த பெண்ணின் இடுப்பைக் கிள்ளினான். இடியக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து விட்டாள் பாருங்கள் ஒரு அறை! அவன் காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் மணிக்கட்டிலிருந்து 'டப்'பென்று ஒரு சத்தம்.

"ஒரு அறைக்கு முறியிற கையா இது?" என்று டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனாள். துணைக்குப் போன எனக்கு மானம் போயிற்று.

"உங்க எலும்பு உள்ளுக்குள்ள மெலிஞ்சு போச்சும்மா. இந்த மாத்திரை வாரம் ஒண்ணு. வெறும் வயித்துல, ஒரு தம்ளர் தண்ணியோட. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழ புண்ணாக்கிடும்."

"வேற என்ன பண்ணும்?"

"வருஷக்கணக்கா போட்டா தொடை எலும்புல விரிசல் வரலாம். பல்லு பிடுங்கினா தாடை எலும்பு ஆறாமப் போகலாம். ரெண்டுமே ரொம்ப அபூர்வம். ஆனா மாத்திரை போடலேன்னா நீங்க மறுபடி எதையாவது முறிச்சுக்கிறது அபூர்வமில்ல."

"அபூர்வம்னா எனக்குத்தான் வரும். என் ராசி அப்படி."

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகும் மாத்திரை அட்டை பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. "கை போனா வாயால சமாளிச்சுக்குவேன். தாடை போனா எப்படித் திட்டுறது?" என்றாள்.

"மூளை இருக்காக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். கூடத்தில் அவளை அப்படிக் கேட்டுவிட்டு முழு உடம்போடு திரும்பியவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் அக்காவின் மகள் வந்து சேர்ந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, முதுகெல்லாம் பெல்ட்டின் இரும்பு பதிந்த காயம். கட்டியவன் செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லியும் அனுப்பியிருந்தான், நாய்ப்பயல். அக்கா தாடையை மறந்தாள். டாக்டரம்மாவுக்கு என் போனிலிருந்தே பேசினாள்.

"இன்னிக்கே மாத்திரை போட்டா எத்தன நாள்ல கை பலமாகும்?"

"நாள்ல இல்லம்மா, வருஷக்கணக்காகும்."

"அவன் ஞாயித்துக்கிழமை வர்றான் டாக்டர்!"

சொன்னபடியே வந்தான். நானும் துணைக்கு அக்கா வீட்டில்தான் இருந்தேன். கதவை உதைத்துத் திறந்து, மகளின் மயிரைக் கையில் சுற்றிக்கொண்டு படிவரை இழுத்தான். நான் போலீசுக்குப் போன் செய்ய முயன்றேன். அவசரத்தில் இரண்டு முறை எண் தவறியது. அக்கா குறுக்கே போய் நின்று அவன் வாயில் குத்தினாள். அவன் முன்பல் தெறித்தது, அவள் முன்கை நடுவில் மடங்கியது. தோலுக்குள் எலும்பு முட்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அவள் கத்தக்கூட இல்லை. இடது கையால் ஸ்டூலைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். அவன் மயிரை விட்டான். படியில் உருண்டான். கீழே அக்கம்பக்கத்தார் பிடித்துப் போலீஸ் வரும்வரை அமுக்கி வைத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"எங்கம்மா விழுந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"விழல. அடிச்சேன்."

"அடுத்தது இடுப்பு. அது போனா படுத்த படுக்கைதான், தெரிஞ்சுக்கோங்க."

"போடுறேன் டாக்டர். தாடை போனா போய்த் தொலையட்டும். இவளுக்கு நான் வேணும்" என்று மகளைக் காட்டினாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் போனபோது அக்கா வலது கை மாவுக்கட்டோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்து குனிந்தாள். "கொடு" என்று அக்கா இடது கையைச் சட்டென்று தூக்கினாள்.

தம்ளர் கீழே விழுந்தது. மகள் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு தரையில் சுருண்டாள்.

"அடியே, நான்டி! அவன்னு நெனச்சிட்டியா?"

"இல்லம்மா." முழங்கைக்குள்ளிருந்தே சொன்னாள். "நீன்னு தெரிஞ்சுதான்."

இடியக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மகள் எழுந்தாள். வேறு தண்ணீர் கொண்டுவந்தாள். கையை மட்டும் நீட்டி, திறந்திருந்த அந்த வாயில் மாத்திரையைப் போட்டாள்.