லூசியன் கொடுத்த ஆல்பங்கள்

செய்தி வந்தபோது நான் அவருடைய ஆல்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியில் ஒரு தபால்தலையின் ஓரத்துப் பற்களை ஆராய்ந்துகொண்டிருந்த நேரம். தொலைபேசியில் மதாம் தெரேஸ், லூசியனின் மனைவி. "சார், அவர் காலையில போயிட்டார்" என்றார். நான் முதலில் செய்தது, எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தியது. வெளியே எடுத்து வைத்திருந்த தபால்தலை பறந்துவிடக் கூடாதே என்று. அதற்குப் பிறகுதான் "எப்படிம்மா?" என்று கேட்டேன். அந்தத் தாமதத்தைத் துக்கம் என்று அவர் நினைத்திருப்பார்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தபால்தலைக் கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் லூசியனைத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் உழவர்கரையில் வீடு கட்டிக்கொண்டு தங்கியவர். நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஏறக்குறைய ஒரே வயது. இருவருமே பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் என்பதால் நண்பர்கள் ஆனோம்; அதே காரணத்தால் போட்டிக்காரர்களும் ஆனோம். அவருக்கு நல்லது ஒன்று கிடைத்துவிட்டால் எனக்கு ஒரு வாரம் சோறு ருசிக்காது.

கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் முதலில் காட்டுவது பிரம்மா உருவம் போட்ட தபால்தலையை. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்ததும், புதுச்சேரி நிர்வாகம் பணியாமல் போரிட்டவர்கள் பக்கம் சேர்ந்தது. இருந்த பழைய தபால்தலைகளின் மேலேயே 'சுதந்திர பிரான்ஸ்' என்று பிரெஞ்சில் அடித்து விற்றார்கள். "புதுசா அச்சடிக்க எங்க நேரம்? பழசு மேலயே புது எழுத்து. நம்ம ஊரே அப்படித்தானே, அடியில இருக்கறது எதுவும் அழியல" என்பார் லூசியன். உடனே நான் குறுக்கே புகுந்து, எழுத்தின் அளவு, மையின் நிறம், போலியைக் கண்டுபிடிக்கும் விதம் என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் சிரித்தபடி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

அந்தத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று, மகனைப் பார்க்கப் பாரிசுக்குப் போனபோது பழைய சாமான் கடையில் அவருக்குக் கிடைத்தது. உள்ளே கடிதம் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு படைமுகாமில் இருந்த சிப்பாய்க்குப் புதுச்சேரியிலிருந்து போன உறை. பின்பக்கத்தில் அனுப்பியவளின் பெயரும் நெல்லித்தோப்பு என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. எனக்குக் கிடைத்திருந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருப்பேன். லூசியன் தெருத் தெருவாக விசாரித்தார். கடைசியில் அந்தச் சிப்பாயின் மகளைக் கண்டுபிடித்துவிட்டார். அன்னம்மாள் என்று பெயர், எண்பதைத் தாண்டியவர். உறையைக் கொடுக்கப் போனபோது என்னையும் அழைத்துப்போனார்.

அன்னம்மாள் உறையை மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார். அவருடைய அப்பா போரிலிருந்து திரும்பி வரவே இல்லை. "ஐயா, எங்கம்மா அனுப்புனது எங்கப்பா கைக்குப் போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார். லூசியன் உறையைத் திருப்பி, மங்கிப்போன வட்ட முத்திரை ஒன்றின் மேல் விரல் வைத்தார். "சேந்துச்சும்மா. இதோ பாருங்க, வாங்குனதுக்கு முத்திரை குத்தியிருக்காங்க."

வெளியே வந்ததும் சொன்னேன்: "அது வழியில ஏதோ துறைமுகத்துல குத்துனதுங்க. போய்ச் சேந்த முத்திரை இல்ல."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா மூஞ்சிய பாத்தீங்களா நீங்க?"

நான் பார்க்கவில்லை. அன்னம்மாளின் கண்ணீர் சொட்டித் தபால்தலை நனைந்துவிடுமோ என்று உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே அரிதான ஒன்றை லூசியன் இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று வழியெல்லாம் மனசுக்குள் குமைந்துகொண்டு வந்தேன்.

சாவதற்கு ஒரு மாதம் முன்னால் லூசியன் கூப்பிட்டார். "ஆட்டோ புடிச்சு வாங்க சார், ஸ்கூட்டர்ல தாங்காது" என்றார். போனால், கூடத்தில் ஆல்பங்கள் எல்லாம் அடுக்கிக் கட்டியிருந்தன. "எடுத்துட்டுப் போங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாமுமா?" என்றேன். "எல்லாமும்தான். எங்க வீட்ல இதப் பாக்க ஆளில்ல. உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்." அவர் சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. காபி எனக்கு மட்டும்தான் வந்தது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவும் கண்ணில் பட்டிருக்கிறது. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அதன்பின் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தாமரைப்பூ வரிசை முழுசா இருக்கா?" "இருக்கு சார்" என்றார். கதவைப் பிடித்தபடி, ஆட்டோ திரும்பும்வரை நின்றிருந்தார். நான் ஆல்பங்கள் சரியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்ததால் கையசைக்கக்கூட இல்லை.

அடக்கம் முடிந்து லூசியன் வீட்டுக்குப் போனோம். "கணையத்துல புத்து சார். ஆறு மாசமா தெரியும்" என்றார் மதாம் தெரேஸ். "நீங்க ஆல்பம் எடுக்க வரப்ப சொல்லணும்னுதான் இருந்தார். நீங்க கேட்டா சொல்லிடலாம்னு."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்புறம்?" என்றேன்.

"நீங்க போனதும் வந்து உக்காந்தார். 'சாருக்கு ஒரே சந்தோஷம் தெரேஸ், அத ஏன் கெடுக்கணும்'னார்."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் இலேசாகியிருக்கும். ஆல்பங்களைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். "அத வச்சு நான் இன்னா பண்ணப்போறேன்? நீங்க எப்பவாச்சும் வந்துட்டுப் போங்க" என்றார். போய்வருகிறேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

போன ஞாயிறு நம் கூட்டத்தில், முருகேசன் ஒரு தபால்தலைக் கட்டை என் முன்னால் வைத்து, "இது எனக்கு வேணாம் சார், நீங்களே வச்சுக்குங்க" என்றார். கட்டைத் தொடாமல் அவர் கையைப் பிடித்தேன். "உடம்புக்கு இன்னா முருகேசன்?"

அவர் திகைத்துப்போய்ச் சிரித்தார். "ஒண்ணும் இல்ல சார். எல்லாம் ஏற்கெனவே எங்கிட்ட இருக்கறதுதான்." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை விடவில்லை. "நெசமா ஒண்ணும் இல்லையே?" என்று மறுபடி கேட்டேன்.

லூசியனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். அவரிடம் கேட்காததை இனி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.